தம்பியின் கண்ணுக்குத் திருகியது

பிப்ரவரி 3

கடைக்குப் புதிதாக வந்த பெரிய பைனாகுலர்கள் மூன்றில் இரண்டைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். வெளியே பார்க்க ராஜா மாதிரி இருக்கிறது. கையை நீட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கண் வைக்கும் பக்கத்தில் தெரியும் ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். இதில் ஓரம் கடித்த பிஸ்கெட் மாதிரி இருந்தது. உள்ளே ஒளியைத் திருப்பும் பிரிசக் கண்ணாடியைச் சின்னதாகப் போட்டு ஏய்த்திருக்கிறார்கள்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "நீ பாத்தா எதும்மா பாஸாகும்?"

தம்பி எனக்கு வைத்திருக்கும் பெயர் குற்றப்பத்திரிகை. அவன் கல்யாணத்தில் மேடையேறி, மாப்பிள்ளையின் காலர் கோணல் என்று சொன்னேனாம். கோணலாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 8

சாயங்காலம் தம்பி வீட்டு மொட்டைமாடி. பள்ளியில் கணக்கு வாத்தியார், வீட்டில் வானம் பார்ப்பவன். நான் பொறுக்கிக் கொடுத்த பைனாகுலர்தான், பெரிது, ஸ்டாண்டில் வைத்துத்தான் பார்க்க முடியும்.

"என்னக்கா, ஒரு நட்சத்திரம் வாங்கினா ஒண்ணு இலவசமா? ரெண்டு ரெண்டா தெரியுது."

இரண்டு குழலும் ஒரே இடத்தைப் பார்க்காவிட்டால் அப்படித்தான் தெரியும். நான் பார்த்தேன். எனக்கு ஒன்றுதான். ஆனால் என் கண்ணை நான் நம்புவதில்லை. வருஷக்கணக்காகக் கோணல் கண்ணாடிகளைப் பார்த்துப் பழகிய கண். கொஞ்சம் விலகல் இருந்தால் தானே இழுத்துச் சேர்த்துவிடும். பழகாத கண்தான் உள்ளதைச் சொல்லும்.

அவனை உட்காரவைத்துப் பிரிசத்தின் ஸ்க்ரூவை மெதுவாகத் திருகினேன்.

"இன்னும்... இன்னும் கொஞ்சம்... ம், ஒட்டிக்கிச்சு!"

பிறகு நானும் பார்த்தேன். கண் கொஞ்சம் இழுத்தது, சேர்ந்துவிட்டது. பழக்கம்தானே.

பிப்ரவரி 9

"ஒண்ணே ஒண்ணு, கண்ணே கண்ணு" என்று போனில் பாடுகிறான். இவனெல்லாம் ஒரு வாத்தியார்.

பிப்ரவரி 27

மறுபடியும் இரண்டு. ஸ்க்ரூவைத் திட்டினேன், செய்தவனைத் திட்டினேன். திரும்ப அவன் கண்ணுக்கு ஒட்டவைத்து, இனி நகராதபடி பசை போட்டேன்.

தம்பி மனைவி படியில் நின்றுகொண்டிருந்தாள். "தலைவலின்னு தினமும் சொல்றார் அண்ணி. டாக்டர்கிட்ட காட்டலாமா?"

"இந்தக் கோணலைப் பாத்தா யாருக்கும் தலை வலிக்கும். இது சரியானா அதுவும் சரியாயிடும்" என்றேன். அடித்துச் சொன்னேன்.

மார்ச் 15

மூன்றாவது முறை. பகலில், வெறும் கண்ணுக்கு, இரண்டாகத் தெரிவதில்லையா என்று கேட்டேன். "எப்பவாவது. அசதிதான்" என்றான். அவன் மனைவி குறுக்கே வந்து, "தண்ணிய டம்ளருக்கு வெளிய ஊத்துறார் அண்ணி" என்றாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தேன்.

எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் பளபளக்கும் பேரிங் இரும்புக் குண்டு ஒன்றை ஒட்டிவைத்திருக்கிறோம். வெயில் பட்டால் அதில் ஒரு புள்ளி மினுங்கும். அதுதான் எங்கள் பகல் நட்சத்திரம். பார்த்தேன். இரண்டு. எவ்வளவு இழுத்தும் சேரவில்லை. முதலாளியைக் கூப்பிட்டேன்.

"ரெண்டா தெரியுதேம்மா. யாரு இப்பிடித் திருகினது?"

பசை உடையவில்லை. ஸ்க்ரூ நகரவில்லை. அப்படியென்றால் நகர்ந்தது எது?

தம்பியை உடனே வரச் சொன்னேன். கடையிலேயே நல்ல பைனாகுலரை அவன் முன் வைத்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இதுவும் கெட்டுப்போச்சாக்கா?"

குறை கண்ணாடியிலா கண்ணிலா என்று தெரியவேண்டுமானால் கண்ணாடியை மாற்றிப் பாருங்கள். வருகிறவர் எல்லோரிடமும் நான் சொல்வது இது. கடை நிறையக் கண்ணாடி. என் தம்பிக்கு ஒன்றை மாற்றிக் கொடுக்கத் தோன்றவில்லையே எனக்கு. குறை என்றால் கண்ணாடியில்தான் என்று — என்ன புத்தி இது? கோணலைக் கண்டுபிடிக்கிறவளாம்!

மார்ச் 16

ஆஸ்பத்திரி. தலைக்குள் கட்டி. இடது கண்ணைத் திருப்பும் நரம்பை அழுத்துகிறதாம்.

டாக்டர் தம்பியிடம் கேட்டார்: "ரெண்டா தெரிய ஆரம்பிச்சு இவ்வளவு நாளாச்சு, ஏன் வரல?"

"அக்கா சரிபண்ணிக் குடுத்துட்டாங்க சார்."

குத்திக் காட்டவில்லை. பெருமையாகச் சொன்னான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 23

ஆபரேஷன் முடிந்தது. முழுவதும் எடுக்க முடியவில்லை. மிச்சம் மறுபடி வளரும் என்றார்கள்.

ஏப்ரல் 11

தம்பி மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டு வைக்கிறாள், "சாப்பிடுங்க அண்ணி" என்கிறாள். கேட்டுத் தொலைத்தால் தேவலை. முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

ஏப்ரல் 26

தம்பிக்கு நிலா பார்க்க வேண்டுமாம். ஜன்னலோரம் நாற்காலி போட்டு, கடையில் கிடந்த அவன் பைனாகுலரைக் கொண்டுவந்து ஸ்டாண்டில் வைத்தோம்.

"ஒரு கண்ண மூடிக்கடா. ஒண்ணாத் தெரியும்."

"போக்கா. ரெண்டு கண்ணு இருக்கறப்ப ஒரு கண்ணால எதுக்குப் பாக்கணும்?"

பசையைச் சுரண்டிவிட்டு ஸ்க்ரூவைத் திருகினேன். இந்த முறை தெரிந்தே திருகினேன். கண்ணாடியைக் கெடுக்கிறேன் என்று தெரிந்தே. ஸ்க்ரூ அதன் கடைசிக்கு வந்துவிட்டது, அதற்குமேல் போக இடமில்லை. அங்கேதான், "ஒட்டிக்கிச்சு" என்றான். நல்லவேளை.

வெகுநேரம் பார்த்தான்.

"ஓரத்துல லேசா ஊதா அடிக்குது. குற்றப்பத்திரிகைல எழுதலியா?"

"இல்லடா. நல்லாத்தான் இருக்கு."

"பொய்" என்றான். என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மே 19

தம்பி இன்று காலை போய்விட்டான்.

ஜூலை 6

தம்பி மனைவி பைனாகுலரைப் பெட்டியோடு கடைக்குக் கொண்டுவந்தாள். ஆட்டோவில், மடியில் வைத்துக்கொண்டு.

"அவர் அப்படி என்னதான் பாத்தார்னு நானும் பாக்கலாம்னு நெனச்சேன். எனக்கு ரெண்டு நிலா தெரியுது அண்ணி. சரிபண்ணிக் குடுப்பீங்களா?"

அவளை நேரே பார்க்க முடியவில்லை. "முதல்ல இதுல பாரு" என்று கடைப் பைனாகுலரைக் கொடுத்தேன். தொட்டி மேல் இருக்கும் குண்டைப் பார்த்தாள். ஒன்றுதான் தெரிகிறதாம். உன் கண்ணில் ஒன்றுமில்லை என்றேன். நான் ஏன் முதலில் அதில் பார்க்கச் சொன்னேன் என்று அவளுக்குப் புரிந்தது. முதல்முறையாக என் தோளில் சாய்ந்து அழுதாள்.

பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். திருப்புவதற்கு முன், ஸ்க்ரூ நின்ற இடத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன்.

"அது எதுக்கு?"

"அவன் பார்த்த இடம்."

அவள் கண்ணை வைத்துக்கொண்டாள். நான் மெதுவாகத் திருகினேன். "இன்னும்... இன்னும் கொஞ்சம்" என்றாள். அப்புறம், "ஒட்டிக்கிச்சு அண்ணி."

நானும் பார்த்தேன். ஒன்று.