ஒறம்பரைக்குத் தெரியாத சூடு

அண்ணா, இதை யாரிடமும் காட்டிவிடாதே. நீ இனி யாரிடமும் காட்ட முடியாது என்று எனக்கே தெரியும். இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன். "அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் பக்கம் போனயின்னா காலை ஒடிச்சுப்புடுவேன்" என்று அப்பா சொன்னது சும்மா மிரட்டல் இல்லை. நான் போய்விட்டேன். போனது மட்டுமில்லை, உள் அறையில் நீ வைத்த சர்வரையும் தொட்டுவிட்டேன்.

கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். சென்டர் வாட்ச்மேன் மாமா சாயங்காலம் கொடுத்த கம்பளி. தூசியும் ஒயரும் சேர்ந்து சூடேறினால் ஒரு வாசம் வருமே, அது இதில் அப்படியே இருக்கிறது. நீ பெங்களூரிலிருந்து வந்து இறங்கும்போது உன் சட்டையில் வரும் வாசம். முகர்ந்தால் அழுகை வரும் என்று பயந்தேன். வரவில்லை. கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம்தான் வருகிறது. நீ போன பிறகு இப்படித் தூக்கம் வந்ததே இல்லை.

உன் கம்பெனி ஒதுக்கிய பழைய சர்வரைக் கேட்டு வாங்கி, லாரியில் ஏற்றி செம்மேட்டுக்குக் கொண்டுவந்தாயே, அந்த நாள் நினைவிருக்கிறதா? மேசைகளின் மேல் ஆறு திரை, ஆறு கீபோர்டு. கம்ப்யூட்டர் எங்கே என்று நான் தேடினேன். எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் இருக்கிறது என்றாய்.

"ஒன்னுக்குள்ள ஆறா? பொய் சொல்லாத அண்ணா."

"பொட்டிதான் ஊடு, அம்மிணி. உள்ளார ஆறு ஒறம்பரை விருந்துக்கு வந்து தங்கியிருக்காங்க. ஒவ்வொருத்தரும் மொத்த ஊடும் தனக்குத்தான்னு நெனச்சுக்குவாங்க."

"அத்தனை பேருக்கும் சோறு ஆக்கறது?"

"ஊடுதான். ஒறம்பரைக்கு அடுப்படி தெரியாது."

வாட்ச்மேன் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கூட்டு ஒறம்பரையும் அப்படித்தான் சாமி, தின்னுபோட்டுப் போயிருவாங்க" என்றார். பெட்டியின் சூட்டையும் விசிறிகளையும் பார்த்துக்கொள்ள ஒரு மென்பொருள் இருக்கிறது, அடுத்த தடவை வரும்போது போட்டுவிடலாம் என்று அதன் சிடியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். அடிவாரத்தில் எதிரே வந்த ஒரு லாரி உன்னை அடித்துப் போட்டது. அடுத்த தடவை இல்லாமல் போயிற்று.

பனிக்காலம் தொடங்கியதும் பெட்டி படுத்துக்கொண்டது. காலையில் சென்டரைத் திறந்தால் அணைந்து கிடக்கும். தொட்டால் சில்லென்று இருக்கும். மறுபடி போட்டால் சாயங்காலம் வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடும். அடுத்த நாள் காலையில் அதே கதை. சென்டர் பொறுப்பாளர் சார் கடைத்தெருவில் நின்று சொன்னார்: "செத்தவனைக் குத்தம் சொல்லக் கூடாதுங்க. ஆனா அந்தப் பையன் அரைகுறையாத்தான் போட்டுட்டுப் போயிருக்கான்." பக்கத்தில் மிளகு மூட்டையோடு அப்பா நின்றிருந்தார். அன்றிலிருந்து அவர் அந்தத் தெரு வழியாக நடப்பதில்லை. வீட்டில் உன் பேச்சையே எடுப்பதில்லை. சேலத்திலிருந்து ஆள் வந்து நீ போட்ட எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பெட்டியை எடுத்துப்போகப் போவதாகச் செய்தி வந்தபோதுதான் நான் சிடியைத் தேடி எடுத்தேன்.

முதலில் நான் செய்த தப்பைக் கேட்டால் சிரிப்பாய். பள்ளிக்கூடம் விட்டதும் எல்லாப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து, என் முன்னால் இருந்த திரையிலேயே அந்த மென்பொருளைப் போட்டேன். போட விட்டது. ஆனால் சூடும் தெரியவில்லை, விசிறியும் தெரியவில்லை. 'எதுவும் கண்டறியப்படவில்லை' என்ற பொருளில் ஒரே வரி. உன் சிடி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. ஒறம்பரையிடம் போய் அடுப்பு எப்படி எரிகிறது என்று கேட்டிருக்கிறேன்!

சார் நாமக்கல் போன நாளில் வாட்ச்மேன் மாமா உள் அறையைத் திறந்துவிட்டார். "வெரசா முடி கண்ணு, என் வேலைக்கு உலை வெச்சுராத" என்றார். பெட்டியின் சொந்தத் திரை கறுப்பாக இருந்தது. நீ அடிக்கும்போது உன் விரலைப் பார்த்து மனப்பாடம் செய்திருந்த பாஸ்வேர்டை அடித்தேன். திறந்தது. ஆறு ஒறம்பரைகளையும் ஒவ்வொன்றாகத் தூங்கவைத்துவிட்டு மென்பொருளை அந்த வீட்டிலேயே, அதாவது பெட்டியிலேயே போட்டேன். பெட்டியை நிறுத்தி மறுபடி தொடங்கு என்றது. தொடங்கினேன். திரை இருண்டது. விசிறிகள் ஓவென்று இரைந்தன. வேறொன்றும் நடக்கவில்லை. உன்னை இன்னொரு தடவை கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன் அண்ணா. வாயில் தாவணியை அடைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் எழுத்துகள் வந்தன.

விசிறிகள் எல்லாம் சரி. சூடும் சரி.

அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சூடு இல்லையென்றால் பெட்டி ஏன் நிற்கிறது? நீ போட்டதில்தான் குறையா? சூடு எல்லை தாண்டினால் கத்தச் சொல்லி வைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டிலேயே வாட்ச்மேன் மாமா காத்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கண்ணு, ராத்திரி பொட்டி கீகீன்னு கத்துச்சு. செத்தேன்னு கம்பளியை உருவிப்போட்டு வெளியில ஓடியாந்துட்டேன்."

"எந்தக் கம்பளி மாமா?"

"தெனமும் போத்தி உடறதுதான். பனி எறங்குதல்லோ. தொட்டுப் பாத்தா கடகடன்னு நடுங்குது, பாவம். போத்தப் போத்த இன்னும் நடுங்குது. நல்லா இறுக்கிச் சுத்தி உட்டுருவேன். சார் வரதுக்குள்ள எடுத்து மடிச்சு வெச்சுருவேன்."

அது நடுக்கம் இல்லை, மூச்சு முட்டி விசிறி ஓடுகிற ஓட்டம் என்று சொல்லப் போனவள், நடுரோட்டில் சிரித்துவிட்டேன். காரணம் புரியாமலே அவரும் கூடச் சிரித்தார். அன்று பெட்டி அணையவில்லை. அதற்கப்புறம் இன்றுவரை அணையவில்லை.

திரையில் புதிதாக ஏதோ ஓடுவதை சார் பார்த்துவிட்டார். யார் போட்டது என்று கேட்டார். மாமா முந்திக்கொண்டார்: "நம்ம செத்துப்போன தம்பி போட்டதுதானுங்க. கம்பளி போத்துனது நானுங்க." உன் பாஸ்வேர்டில் நுழைந்து போட்டதால், போட்டவர் பெயர் என்று திரையிலும் உன் பெயர்தான் இருந்தது. சார் குனிந்து அந்தப் பெயரைப் படித்தார். பிறகு சேலத்துக்குப் போன் போட்டு, "வேண்டாங்க, பையன் எல்லாத்தையும் சரியாத்தான் பண்ணியிருக்கான்" என்றார்.

நான் மறுக்கவில்லை. நீ போடுவதாகச் சொன்னதைத்தானே போட்டேன். இப்போதும் அந்த மென்பொருள் காலையில் ஒரு வரி எழுதுகிறது, எல்லாம் நலம் என்று. கீழே உன் பெயர். அந்த வரி எனக்குப் போதும். அதை நினைத்துக்கொண்டேதான் இனிப் பள்ளிக்கூடம்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

"அம்மிணி, முழிச்சிருக்கயா? அந்தச் சாரு கூப்புட்டு நிறுத்தி என்னமோ சொன்னாரு. உங்கண்ணன் அப்படி என்னத்தடா பண்ணி வெச்சுட்டுப் போயிருக்கான்? எனக்கு வெளங்கற மாதிரி சொல்லு சாமி…"

உங்கண்ணன் என்றார், அண்ணா. போய்க் கதவைத்