நாற்பத்தேழு வயதில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்

என் செல்ல வாலுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் அவருடைய முழங்கால் வலியும் சௌக்கியமாகவே இருக்கிறோம். அங்கே உன் உடம்பும் மனசும் தெம்பாக இருக்கட்டும்.

இன்று காலை எழுந்ததும் பல்கூட விளக்காமல் பேப்பரை உதறி இரங்கல் பக்கத்தைத் திறந்தேன். உன் அப்பா வழக்கம்போல, "ஆரம்பிச்சாச்சா? இன்னைக்கு யாரு கிளம்பியிருக்கா?" என்றார். கேலிதான், ஆனால் நான் சத்தமாகப் படித்தால் சவரம் செய்வதை நிறுத்திவிட்டுக் கேட்பார். இன்று ஒரு அம்மாள், தொண்ணூறு தாண்டியவர், கண்ணை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கண்ணில் கருவிழி தீட்டிக் கொடுத்தவர். நிறம் பார்க்க விளக்கை நம்பமாட்டாராம், எல்லோரையும் ஜன்னலோரம் உட்கார வைப்பாராம். சின்ன வயதிலிருந்து அவரிடம் வந்த ஒரு பெண், கல்யாணத்துக்குக் கொஞ்சம் குறும்பான கண்ணாக வேண்டும் என்று கேட்டாளாம், இவரும் ஓரத்தில் ஒரு பொன்புள்ளி வைத்துக் கொடுத்தாராம். எனக்குச் சந்தோஷம் தாங்காமல் பெரியம்மாவுக்குப் போன் போட்டு, "அக்கா, ஒருத்தங்க போயிட்டாங்க, என்ன அருமை தெரியுமா!" என்றுவிட்டேன். அவள் பதறிப்போய் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும், "சாவுச் சேதியைக் கல்யாணச் சேதி மாதிரி சொல்ற ஒரே ஆள் நீதாண்டி" என்று அரை மணி நேரம் திட்டினாள், கடைசியில் அந்தப் பொன்புள்ளியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள்.

நான் படிக்கிற விதம் உனக்குத் தெரியாது. முதலில் என் வயதைத்தான் தேடுவேன். நாற்பத்தேழில் இவர் என்ன செய்துகொண்டிருந்தார்? இந்த அம்மாள் அப்போது தட்டுகளில் பூ வரையும் தொழிற்சாலையில் இருந்தார், அதுவும் மூடுகிற நிலையில். கண் தீட்ட ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான். எரிமலைகளை ஆராய்ந்த ஒருவர் போன வாரம் இதே பக்கத்தில் வந்தார், அவர் அந்த வயதில் குடை விற்றுக்கொண்டிருந்தார். உன் வயதில், இருபத்துமூன்றில், என்ன செய்தார்கள் என்று யாரும் ஒரு வரிகூட எழுதுவதில்லை. முந்தாநாள் போனில், வேலை கிடைக்கலம்மா, எல்லாம் முடிஞ்சுபோச்சு என்று அழுதாயே, அதற்காகத்தான் சொல்கிறேன். அழுவதானாலும் சாப்பிட்டுவிட்டு அழு.

இன்னொரு சேதி. எங்கள் ஆய்வகத்திலிருந்து ஒரு குழு ஆறு மாதம் படகிலேயே தங்கி, ஆறு தொடங்குகிற இடத்திலிருந்து கடல்வரை தண்ணீரைப் பரிசோதிக்கப் போகிறது. வருகிறீர்களா என்று மேலாளர் கேட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி ஒரு வாரமாயிற்று, இன்னும் கேட்கவில்லை. இருபது வருஷமாக யாரோ பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்த ஆற்றைத்தான் பரிசோதித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ நூறு வயது வாழ வேண்டும், உன்னைப் பற்றி எழுதுகிறவர் இடம் போதாமல் திண்டாட வேண்டும். பெரியம்மாவுக்கு மறக்காமல் போன் பண்ணு, இல்லாவிட்டால் அதற்கும் என்னைத்தான் திட்டுவாள்.

என்றும் உன்
அம்மா

பி.கு. நாளைக் காலை மேலாளரிடம் வருகிறேன் என்று சொல்லப் போகிறேன். உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். அப்பாவிடம், அவர் கையில் பிளேடு இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.