மதிலுக்கு வெளியே ஆறடி

மகளுக்கு,

மன்னிப்புக் கேட்க எழுதுகிறேன் என்று எண்ணிவிடாதே.

ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த உன் குழந்தைக்கு நான் கல்லறைத் தோட்டத்துக் கதவைத் திறக்கவில்லை. சாவி என் இடுப்பில்தான் இருந்தது. நீ மழையில் நின்று கதறினாய் என்பதற்காகச் சபை வழக்கத்தை மாற்ற முடியுமா? மதிலுக்கு வெளியே புதைத்துவிட்டுப் போனாய். அதுதான் முறை.

போன வாரம் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் படியெடுத்தேன். உன் பெரியப்பா பெயர் இருக்கிறது, அத்தை பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. நான் பிறந்த வருடம் சபைக்குப் போதகர் இல்லையாம். அப்புறம் ஆளாளுக்கு மறந்துவிட்டார்களாம். பெரியப்பா சாவதானமாகச் சொல்கிறார்.

புதுப் போதகர் சிரித்தார். "இதுக்குப் போயி முகத்தைத் தொங்கப் போடலாமா ஐயா? இப்பவே குடுத்துடலாம். குடுக்காட்டியும் கிருபை இருக்கு, கைவிடாது."

கிருபை அவ்வளவு தாராளமென்றால், அன்று நான் எதற்காகக் கதவைப் பூட்டி வைத்திருந்தேன்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

என் உடம்பு இரண்டு மாதம் தாங்காது என்கிறார் டாக்டர். குழந்தைக்குப் பக்கத்தில் ஆறடி இடம் இருக்கிறதா? நான் ஒருநாளும் அங்கே போய்ப் பார்த்ததில்லை. முடியாது என்றால் முடியாது என்றே எழுது. இரக்கம் மட்டும் காட்டாதே.

அப்பா