விடுதிப் பதிவேட்டில் வேறொருவன் பெயர்

அனுப்புநர்:
சி. காளியப்பன்,
ஆலமரத்துத் தோட்டம், கூலாய்.
தற்சமயம்: மூர்த்தி சாப்பாட்டு விடுதி, மாடியில் ஐந்தாம் அறை,
ஸ்டேஷன் எதிரில், ஜோகூர் பாரு.

பெறுநர்:
கனம் துரை அவர்கள்,
இந்தியர் குறை விசாரணை அதிகாரி,
ஜோகூர் பாரு.

பொருள்: விடுதிக்காரர் தவறாக எழுதிய பதிவினால் கப்பலேற்றப்பட இருக்கும் என் மனைவி ராசம்மாளை என்னிடம் ஒப்படைக்க வேண்டுவது.

மதிப்பிற்குரிய துரை அவர்களுக்கு,

1. நான் மேற்படி தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆட்களின் பெயர் கூப்பிடும் வேலையில் இருக்கிறேன். கல்யாணமான நாலாம் மாதம் ஊரைவிட்டு வந்தவன். ஏழு வருஷம் கழித்து இப்போதுதான் மனைவியை வரவழைத்தேன். சிங்கப்பூரில் கப்பலிறங்கி, நோய்த் தடுப்புத் தீவில் இருந்துவிட்டு, ரயிலேறி ஜோகூர் பாருவில் இறங்க வேண்டும், மார்ச்சு ஐந்தாம் தேதி நான் ஸ்டேஷனில் நிற்பேன் என்று எழுதியிருந்தேன். தீவிலிருந்து ஒரு நாள் முன்னதாகவே விட்டுவிட்டார்கள். அவள் வந்து இறங்கியபோது நான் இல்லை. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

2. கப்பலில் உடன் வந்த ஐயாசாமி என்பவர், பொழுது சாயும் நேரத்தில் தனியே நின்றவளுக்கு இரங்கி, அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிரிலிருந்த மூர்த்தி விடுதிக்கு அழைத்துப் போயிருக்கிறார். நல்ல மனுஷர். விடுதிக்காரர் மூர்த்தி, சட்டப்படி பதிவேட்டை விரித்து, புருஷன் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். எங்கள் வழக்கம் துரை அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். எங்கள் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று எண்ணம். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறாள். மூர்த்தியும் தமிழர்தான், வழக்கம் தெரியாதவரல்ல. ஆனால் அவருக்கு அடுப்பில் சாம்பார். பெட்டியோடு பின்னால் நின்றவரின் பெயரைக் கேட்டு, ‘ராசம்மாள், ஐயாசாமி பெண்சாதி’ என்று இங்கிலீஷில் எழுதிவிட்டார். இங்கிலீஷ் அவர்கள் இருவருக்கும் தெரியாது.

3. விடியற்காலை வண்டியில் ஐயாசாமி பேராக்குப் பக்கம் போய்விட்டார். என் பெயரும் விலாசமும் இருந்த கடிதத்தை, படித்துச் சொல்லும்படி அவரிடம்தான் அவள் கொடுத்திருந்தாள். அது அவர் சட்டைப்பையோடு போயிற்று. அவர் எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்று தெரியாமல், பேராக்கில் மூன்று தோட்டங்களுக்கு எழுதிப் பார்த்தேன். இன்றுவரை பதில் இல்லை.

4. ஐந்தாம் தேதி நான் விடுதிக்குப் போய்க் கேட்டபோது, “புக்குல உள்ளதுதான் சார் எனக்கு. அந்தப் பொண்ணு இன்னொருத்தர் சம்சாரம், நீங்க யாரு?” என்றார் மூர்த்தி. சத்தம் போட்டேன். அது என் தப்புதான். போலீஸ்காரர் வந்தார். ஐயாசாமி உன் புருஷனா என்று ராசம்மாளைக் கேட்டார். இல்லை, அண்ணன் மாதிரி என்றாள். அப்படியானால் புருஷன் பெயரைச் சொல் என்றார். பேசவில்லை. என்னைக் காட்டிக் கேட்டார். ஏழு வருஷம் கழித்து என்னைப் பார்த்தவள், அத்தனை ஆம்பிளைகள் நடுவே, அழுதுகொண்டே கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். எனக்கு அது வெட்கம் என்று தெரியும். பயம் என்று எழுதிக்கொண்டார்கள். அன்று மாலையே அவளைப் பெண்கள் காப்பிடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

5. தோட்டத்திலிருந்து நாலு பேரைச் சாட்சிக்குக் கூட்டிவந்தேன். அவர்கள் என்னை அறிவார்கள், அவளைப் பார்த்ததே இல்லை. கோயிலில் நடந்த கல்யாணத்துக்குக் காகிதம் ஏது? ஊருக்கு எழுதிப் பதில் வர ஒரு மாதம் ஆகும். வரும் 19ஆம் தேதி திங்கட்கிழமை, ஆதரவற்ற பெண் என்று அவளைத் திருப்பிக் கப்பலேற்ற உத்தரவாகியிருக்கிறது. நான் ஐந்தாம் தேதி முதல் அதே விடுதியில்தான் தங்கியிருக்கிறேன். ஸ்டேஷன் பக்கத்தில் என் சக்திக்கு வேறு இடமில்லை. மூட்டைப்பூச்சியும் ரயில் சத்தமும் பழகிவிட்டன. பழகாதது ஒன்றுதான்: அதே பதிவேட்டில், அவள் பெயருக்கு எட்டு வரி கீழே, என் பெயர் ஒரு பிழையும் இல்லாமல் இருக்கிறது. மேலே உள்ளதைத் திருத்தும்படி மூர்த்தியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். சர்க்கார் பார்க்கும் புத்தகத்தில் அடித்தல் கூடாது என்கிறார். அவரும் பயந்தவர்தான். எனக்குச் சோறு மட்டும் கூடுதலாகப் போடுகிறார்.

6. காப்பிடத்தில் ஆயாவாக இருக்கும் காளியம்மாள் மூலம், ‘என் பெயரைச் சொல்லிவிடு, நானே சொல்லச் சொல்கிறேன், ஒன்றும் ஆகாது’ என்று சொல்லியனுப்பினேன். வந்த பதில் இது: “ஏழு வருசமா அந்தப் பேரச் சொல்லாமத்தானே அவங்கள உசுரோட வச்சிருக்கேன். நான் ஊருக்கே போய்க்கிறேன். அவங்க நல்லா இருக்கட்டும்.” இதைக் கேட்டபின் மறுபடி ஆளனுப்ப எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

7. ஆகவே, துரை அவர்கள் தயவு செய்து அவளிடம் இனிப் பெயரைக் கேட்க வேண்டாம். ஆம்பிளைகள் இல்லாத இடத்தில், என்னைத் தூரத்தில் நிறுத்தி, இவர் உனக்கு என்ன வேண்டும் என்று ஆயாவை விட்டுக் கேட்கச் சொன்னால் போதும். திங்கட்கிழமைக்குள் கேட்க வேண்டும். அது சட்டத்துக்குப் போதாது, பதிவேட்டில் உள்ள பெயரே புருஷனுக்கு இருக்க வேண்டும் என்றால், இன்று முதல் என் பெயரை ஐயாசாமி என்று மாற்றி எழுதிக்கொள்ள முழுமனதோடு சம்மதிக்கிறேன். தோட்டத்திலும் அப்படியே கூப்பிடட்டும். அந்தப் பெயரைச் சொல்ல அவளுக்குத் தடையில்லை.

இடம்: ஜோகூர் பாரு
தேதி: 14 மார்ச்சு 1934

தங்கள் தயவு ஒன்றையே நம்பியிருக்கும்,
சி. காளியப்பன்
(துரை அவர்கள் உத்தரவானால், ஐயாசாமி)