கவிழ்ந்த படகுக்கும் ஒரு கணக்கு

அன்புள்ள மச்சானுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தங்கை பக்கத்து அறையில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

படகு இன்னும் கிடைக்கவில்லை. நம் வாலுப் பெண், படகோட்டி, அவர் தம்பி, யாரைப் பற்றியும் ஒரு தகவலும் இல்லை. தன் அம்மா ஆராய்ச்சிக்காகக் கடலில் மிதக்கவிட்டிருந்த கருவிகளை எடுத்துவரத்தான் வாலு போனாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு. படகோட்டியின் மனைவி எங்கள் கூடத்திலேயே இருக்கிறாள். "அக்கா, எங்க இருக்காங்கன்னு உங்க மெஷினுக்குத் தெரியுமில்ல?" என்று கேட்டுக் கேட்டு, இப்போது கேட்பதையும் விட்டுவிட்டாள்.

ஆராய்ச்சிக்காரர்கள் நீங்கள் எல்லாரும் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் அந்தப் பெரிய கணினிகளில்தான், காற்றும் நீரோட்டமும் படகை எங்கே கொண்டுபோயிருக்கும் என்று இவள் கணக்குப் போடுகிறாள். இவள் பங்கு நேரம் என்றைக்கோ தீர்ந்துவிட்டது. நீங்கள் அங்கிருந்து ஒரு வார்த்தை சொன்னதும் எத்தனை நாட்டுக்காரர்கள் தங்கள் முறையை விட்டுக்கொடுத்தார்கள். நட்சத்திரங்களை ஆராய்கிற ஒருவர், தன் நட்சத்திரம் எங்கேயும் ஓடிப்போகாது, முதலில் பெண்ணைத் தேடுங்கள் என்று எழுதியிருந்தாராம். முகம் தெரியாத மனிதர். அதைக் கேட்டுக் குளியலறையில் போய் அழுதேன்.

ஆனால் கணக்கு காட்டின இடத்துக்கெல்லாம் தேடும் கப்பல் போய் வெறுங்கையோடுதான் திரும்புகிறது. நேற்று கேப்டன் போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, படகு கவிழ்ந்திருந்தா எங்க போயிருக்கும்னு போட்டுப் பாத்தீங்களா?" என்றார். இவள் போனை வைத்துவிட்டாள். நான் கேட்டதற்கு, அதற்கு மெஷினில் நேரம் இல்லை என்றாள். அவளுடைய அலுவலகத் தோழிதான் என்னிடம் உண்மையைச் சொன்னாள். நேரம் இருந்ததாம். அந்த நேரத்திலும் கவிழாமல் நிமிர்ந்திருக்கும் படகுக்கே மறுபடி போட்டிருக்கிறாள்.

நிமிர்ந்த படகைக் காற்று தள்ளிக்கொண்டு போகுமாம், கவிழ்ந்ததை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகுமாம். இரண்டும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேராது. மாற்ற வேண்டியது அந்த ஒன்றைத்தான். அதற்கு அவள் கை வரவில்லை.

நான் பல் வைத்தியன், உங்கள் வேலையில் எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது என்று நீங்கள் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறீர்கள். ஆனால் வலிக்கிற பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைக் காட்டுகிறவர்களை தினமும் பார்க்கிறேன். முதலில் கோபம்தான் வந்தது, இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம் என்று உள்ளே போனேன். தலைகூட வாராமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காபி போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் இன்னும் நேரம் கேட்டு உங்களுக்கு எழுதுவாள். இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், கொடுங்கள். கூடவே உங்கள் சொந்தப் பங்கில், உங்கள் பெயரில், அதே கணக்கைக் கவிழ்ந்த படகுக்குப் போடுங்கள். அவள் போட்டுவைத்ததெல்லாம் உங்கள் பக்கமும் திறந்தே இருக்கிறது என்று தோழி சொல்கிறாள். விடையைக் கேப்டனுக்கே அனுப்பிவிடுங்கள், அவர் முகவரியை இதோடு தனியாக அனுப்புகிறேன். விடியற்காலையில் கப்பல் கடைசியாக ஒரு தடவை போகிறது. "அதுக்கப்புறம் என் கையில இல்ல சார்" என்றார்.

நம்பிக்கை போய் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கேப்டனை நானே மறுபடி கூப்பிட்டுப் பேசினேன். கவிழ்ந்த படகின் மேலே தொற்றிக்கொண்டு நாள்கணக்கில் கிடந்தவர்களைத் தூக்கி வந்திருக்கிறாராம். இவள்தான் அதைக் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

குழந்தையை முதன்முதலில் தண்ணீரில் இறக்கி நீச்சல் பழக்கியது நீங்கள்தான். கரைக்கு வந்த பிறகும் உங்கள் கழுத்தை விடாமல் தொங்கினாளே, நகம் பட்டு ரத்தமே வந்துவிட்டது. நான் மருந்து தடவும்போது, "இது பிடிச்சா விடாது மாப்ள, உடும்பு" என்று திட்டினீர்கள்.

உங்கள் வாக்கு பலிக்கட்டும் மச்சான். சீக்கிரம் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
வாலுவின் அப்பா