அக்கா தெருவின் சம்மதம்

மார்ச் 4
குப்பைக் கிடங்குக்கான கூட்டம். மாதக்கணக்காக நடப்பதுதான்: நான் வாயைத் திறந்தாலே தெருவாசிகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். நகராட்சி ஆணையர் என்றால் அவ்வளவு மரியாதை. இன்று அக்காவை வரச்சொல்லியிருந்தேன். கிடங்கு வரப்போகும் அதே தெருதான் அவளுக்கும். யாருக்குப் பிரசவ வலி என்றாலும் முதலில் தட்டுவது அவள் கதவைத்தான்.
எழுந்து நின்றாள். "உக்காந்து பேசுவோமே. இவ என் தங்கச்சி. ஏமாத்த மாட்டா."
உட்கார்ந்தார்கள்.

மார்ச் 21
முடிந்தது! கிடங்குக்குக் கூரை வேண்டும், ஈரக் குப்பை வரக்கூடாது, பள்ளி விடும் நேரத்தில் லாரி ஓடக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் அக்கா எங்கள் பொறியாளரோடு மல்லுக்கு நின்றாள். "கூரைன்னா தகரமா, கான்கிரீட்டா? இப்பவே சொல்லுங்க தம்பி." கடைசியில் மூன்றுக்கும் நாங்கள் ஒப்புக்கொண்டதும், சம்மதம் என்று தெருவே கை தூக்கியது. போலீஸ் இல்லாமல், பேசியே ஒரு திட்டத்தை நான் முடித்தது இதுதான் முதல் தடவை. காரில் ஏறியதும் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

ஏப்ரல் 9
மன்றக் கூட்டத்துக்கு முன் நகராட்சித் தலைவர் அறைக்குக் கூப்பிட்டார்.
"சம்மதம் வாங்கிட்டீங்கல்ல, அது போதும். கூரை கீரையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."
"ஐயா, அந்த நிபந்தனைக்காகத்தான் அவங்க—"
"ஆணையர்களுக்குப் பயிற்சி குடுக்கற இயக்குநர் இடம் காலியா இருக்கு. உங்க பேரத்தான் சொல்லியிருக்கேன்."
தீர்மானத்தில் 'பொதுமக்களின் முழு ஒப்புதலுடன்' என்று மட்டும் இருந்தது. வாசித்தது நான். குரல் நடுங்கவில்லை. ஏன் நடுங்கவில்லை?

ஏப்ரல் 10
அக்கா போன். எடுக்கவில்லை.

மே 27
இன்றுதான் அக்கா தெருவுக்குப் போனேன். ஊர்க் குப்பை மொத்தமும் அங்கேதான், திறந்த வெளியில். அக்கா வாசலில் யாரோ அழுகலைக் கொட்டியிருந்தார்கள். தினமும் கொட்டுகிறார்களாம். என் காதில் விழட்டும் என்றே பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: "தங்கச்சி பதவிக்காகத் தெருவ வித்தவ."
அக்கா குனிந்து வாரிக்கொண்டிருந்தாள். நானும் குனிந்தேன்.
"வேணாம், கை நாறும். நீ ஆபீசுக்குப் போகணும்ல."
நிமிராமலே சொன்னாள்: "எதிர்த்துத் தோத்திருந்தா இந்தத் தெருவுல தலை நிமிந்து நடந்திருப்பேன்டி. என்னையே தலையாட்ட வச்சுட்டியே."
"மேல இருக்கறவங்க சொன்னா நான் என்னக்கா—"
குழாயைத் திறந்துவிட்டாள். மீதி தண்ணீர்ச் சத்தத்தில் போயிற்று.

ஜூலை 15
அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டாள். அவள் மகனுக்குப் போன் செய்து எங்கே என்று கேட்டேன். "அம்மா சொல்லக்கூடாதுன்னுட்டாங்க சித்தி." சித்தி என்றாவது சொன்னானே.

செப்டம்பர் 2
இயக்குநராக முதல் வகுப்பு. பல ஊர் ஆணையர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் கேட்டார்: "எதிர்ப்பு கடுமையா இருந்தா எங்கருந்து ஆரம்பிக்கறது மேடம்?"
"அவங்க யாரை நம்பறாங்கன்னு பாருங்க. அந்த ஒருத்தர முதல்ல பிடிங்க. மத்தவங்க தானா வந்துடுவாங்க."
எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். அடுத்த கேள்விக்குப் போனேன்.