முன்னால் நான், பின்னால் அப்பா

பிரிக்ஃபீல்ட்ஸ்,
18.6.1996

அன்பு மகள் தனலெட்சுமிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், விளக்கேற்றும்போதெல்லாம் உன் சுகத்தைத்தான் கேட்டுக்கொள்கிறேன். தொண்டைக்கட்டு விட்டதா? வேலை முடிந்து வந்து ஈரத் தலையோடு தூங்காதே, அந்த ஊர்க் குளிர் நம் மழை மாதிரி இல்லை. பக்கத்து வீட்டு இராஜம்மா அக்கா உனக்கென்று நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார், லண்டன் பக்கம் வருகிறவர் யாராவது கிடைத்தால் கொடுத்துவிடுகிறேன்.

தாதியர் பயிற்சி முடிந்தபிறகு அந்த ஆஸ்பத்திரியிலேயே இன்னும் மூன்று வருடம் வேலை பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தாய். அப்பா படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ரயில் ஓட்டுகிற மனிதர், யோசிக்க ஆரம்பித்தால் வாய் திறக்கமாட்டார், உனக்குத் தெரியும். நானும் கேட்கவில்லை. அவரே வேண்டாம் என்றுவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்காது என்று உள்ளுக்குள் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ரயில்வே கிளப்பில் குடும்பங்களை மோரிப் கடற்கரைப் பக்கம் அழைத்துப் போனார்கள். ஜெஞ்சாரோம் ஊரைத் தாண்டிச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே பஸ் போயிற்று. கடலிலிருந்து ஒதுங்கிய உப்பங்கழி, சுற்றிலும் அலையாத்தி மரங்கள், தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கயாக் என்று ஒடுக்கமான படகு, இரண்டு பேர் ஒருவர் பின்னால் ஒருவராக உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டும். நீச்சல் தெரியாதவர்களும் போகலாமாம். மிதவைச் சட்டை மாட்டி, முதலில் மணலிலேயே உட்காரவைத்துப் பழக்கினார் ஜெயராஜ் என்ற கிள்ளான் ஊர்ப் பையன், அவர்தான் எங்களுக்கு வழிகாட்டி. அப்பா என்ன செய்தார் தெரியுமா, சட்டைப்பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துப் படகின் மூக்குக்கு அடியில் வைத்தார், புதுக் கார் வாங்கினால் சக்கரத்துக்கு வைப்போமே அப்படி. படகைத் தள்ளியபோது பழம் நசுங்கவில்லை, மணலில் புதைந்துகொண்டது. ஜெயராஜ் சிரிக்காமல், "பரவால்ல அங்கிள், இதுவும் வண்டிதான் லா" என்றார். பிரேக் எங்கே என்று அப்பா அடுத்துக் கேட்க, "பிரேக் இல்ல. ஆன்டி முன்னுக்கு எப்படி போடறாங்களோ அப்படியே நீங்க பின்னுக்கு போடுங்க, போதும்" என்றார்.

படகுப் பயணம் எத்தனையோ புத்தகங்களில் படித்திருக்கிறேன், தண்ணீர் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று தெரியாது. முதலில் துடுப்புகள் இடித்துக்கொண்டன, பிறகு இரண்டு சத்தமும் ஒன்றாகிவிட்டது. ஜெயராஜ் தன் படகில் முன்னே போய்க்கொண்டிருந்தார். ஒரு கொக்கு எங்களைப் பார்த்தும் பறக்காமல் நின்றது. முன்னால் இருப்பவளுக்குப் பின்னால் இருப்பவர் முகம் தெரியாது, திரும்பினால் படகு ஆடும். அங்கே வைத்துத்தான் அப்பா பேசினார். "தனம் அங்கயே இருந்து பார்க்கட்டும். இங்க நாம ரெண்டு பேரும் இருக்கோம்ல."

என் துடுப்பு நின்றுவிட்டது, அவருடையது வந்து அதில் மோதியது. ஏன் நிறுத்திவிட்டாய் என்றார், கை வலிக்கிறது என்றேன். கொஞ்ச தூரம் அவர் தனியாகவே போட்டார். வேண்டாம் என்பார் என்று எவ்வளவு நம்பியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. என் முகம் அவருக்குத் தெரியாமல் போனது நல்லதாயிற்று. பிறகு நானும் போட ஆரம்பித்தேன். கரையில் ஜெயராஜ் என் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு இறுக்கிப் பிடிக்கக்கூடாது ஆன்டி என்றார்.

அப்பா தன் கையால் எழுதமாட்டார், இதையே அவர் பதிலாக வைத்துக்கொள். என் பதிலும் அதுதான், அங்கேயே இரு, நன்றாக வேலை பார். வருடத்துக்கு ஒரு தரமாவது லீவில் வா, அந்தத் தண்ணீருக்கு உன்னையும் அழைத்துப் போகிறேன், நீ முன்னால் உட்காரலாம்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். வேலையில் சேரும் முதல் நாள் பையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளச் சொன்னார் அப்பா, மறந்துவிடாதே.

உன் அம்மா,
சிவகாமி